பழைய பாய்மரப் படகும் பதினான்கு மாதமும்

2022 ஏப்ரலில் 3,200 பவுண்டு கொடுத்து ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினேன். அது தன் எஞ்சினை நம்பி ஆற்றை விட்டுக் கடலுக்குப் போனது 2023 ஜூனில். இடையில் போன பதினான்கு மாதங்களில் படகின் விலையைவிட அதிகமாக, ஏறக்குறைய 4,500 பவுண்டு, செலவழித்தேன். அதில் எவ்வளவு என் அவசரத்துக்கும் அறியாமைக்கும் போனது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. அப்போது யாராவது ஒருவர் உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதிப் பணமும் பல இரவுகளின் தூக்கமும் மிஞ்சியிருக்கும். தமிழில் தேடிப் பார்த்தேன், எதுவும் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. பெரியப்பா சரக்குத் தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். பாய் காலத்திலும் எஞ்சின் வந்த பிறகும் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டு போனவர். சின்ன வயதில் தோணியில் ஏறிப் பார்க்க ஆசைப்பட்டபோது பெண் பிள்ளைக்கு எதற்கு என்று வீட்டில் விடவில்லை. நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வந்து எசெக்ஸில் குடியேறிய பிறகு, மால்டன் ஊர் ஆற்றங்கரையில் சனிக்கிழமை தோறும் நடந்து போவேன். பிளாக்வாட்டர் ஆற்றில் தண்ணீர் வற்றும்போது படகுகள் எல்லாம் சேற்றில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆறு மணி நேரம் கழித்து மிதக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆசை மறுபடி முளைத்தது.

வாங்கியது வெஸ்டர்லி சென்டார் என்ற வகை. 26 அடி நீளம், 1975-இல் கட்டியது. 1969-இலிருந்து 1980 வரை இந்த வகையில் 2,400-க்கும் மேல் கட்டினார்கள், அதனால் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது, அனுபவம் உள்ளவர்களும் நிறைய இருக்கிறார்கள். அடியில் கீல் என்ற கனமான துடுப்பு ஒன்றுக்குப் பதில் இரண்டு இருப்பதால் சேற்றில் சாயாமல் நேராக நிற்கும். எங்கள் ஆற்றுக்கு இதுதான் பொருத்தம். முதலில் இருந்த எஞ்சினை யாரோ எப்போதோ எடுத்துவிட்டு யான்மார் 2ஜிஎம்20 வைத்திருந்தார்கள். இரண்டு சிலிண்டர், 18 குதிரைத்திறன், கடல் தண்ணீரே நேராக எஞ்சினுக்குள் ஓடிக் குளிரூட்டும் வகை. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

படகைப் பார்க்கப் போன அன்று விற்றவர் சாவியைத் திருப்பினார், எஞ்சின் உடனே எடுத்தது. நான் பூரித்துப் போனேன். எஞ்சின் மேல் கை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. நான் போவதற்கு முன்பே அவர் அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார் என்று பிறகுதான் புரிந்தது. காக்பிட்டில், அதாவது படகோட்டி உட்காரும் திறந்த பள்ளத்தில், கால் வைத்தபோதே டீசல் புகை வாசம் அடித்தது நினைவுக்கு வந்தது. பழைய டீசல் எஞ்சினை வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் இரும்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நாளை காலை வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி விடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி எடுக்கிறது என்பதுதான் அதன் உண்மையான உடல்நிலை.

இரண்டு வாரம் கழித்து நான் சாவியைத் திருப்பியபோது 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன், மறுபடி 'டக்'. பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி 110 பவுண்டுக்குப் புதிது வாங்கிப் போட்டேன். அதே 'டக்'. அப்படியானால் எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார்தான் என்று, அதைக் கழற்றவே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எடுத்து, 240 பவுண்டுக்கு வேறு வாங்கி மாட்டினேன். அதே 'டக்'. அன்றைக்கு நைட் டியூட்டி முடித்து நேராகப் படகுக்கு வந்திருந்தேன். காக்பிட் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பழுது எஞ்சினிலேயே இல்லை, காக்பிட்டில் இருந்தது. சாவி இருக்கும் பேனல் காக்பிட் சுவரில் மழையும் கடல் தெறிப்பும் படும் இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து எஞ்சினுக்கு நீளமான ஒயர் கட்டு, நடுவில் பிளாஸ்டிக் பிளக்குகள். வருடக்கணக்கில் ஈரம் ஏறி அந்தப் பிளக்குகளின் பின்கள் பச்சை பூத்திருந்தன. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது பேட்டரியில் 12.7 வோல்ட் இருக்கிறது. சாவியைத் திருப்பிப் பிடிக்கும்போது செல்ஃப் மோட்டாரை இயக்கிவிடும் மின்காந்த சுவிட்சான சொலினாய்டுக்கு 8 வோல்ட்தான் வந்து சேர்கிறது. அந்த 8 வோல்ட்டில் சொலினாய்டு லேசாக அசையும், முழுதாக இழுக்காது. அந்த அசைவுதான் 'டக்'. பிளக்குகளை வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் போட்டு, செல்ஃப் மோட்டார் பக்கத்திலேயே ஒரு ரிலே வைத்தேன். சாவியிலிருந்து வரும் ஒயர் இப்போது ரிலேயை மட்டும் இயக்கினால் போதும், கனமான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராகப் போய்விடும். ரிலே விலை 12 பவுண்டு. தேவையில்லாமல் வாங்கிய பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 350 பவுண்டு. வார்டில் ஒரு நோயாளிக்கு அளந்து பார்க்காமல் மருந்து கொடுக்க என் கை வராது. படகில் அந்த ஒழுங்கை எப்படி மறந்தேன் என்று இன்றும் ஆறவில்லை. பத்துப் பவுண்டு மல்டிமீட்டர் ஒன்றை எல்லாவற்றுக்கும் முன் வாங்குங்கள். சாவியை ஒருவர் திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பாக அளந்துகொண்டே வந்தால் அரை மணி நேரத்தில் ஆள் பிடிபட்டுவிடும்.

சரி, செல்ஃப் சுற்றுகிறது, இனிக் கவலையில்லை என்று நினைத்து அடுத்த தவறைச் செய்தேன். அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. எஞ்சினை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று டீசல் ஃபில்டரை மாற்றினேன். ஃபில்டரைத் திறந்தால் லைனில் ஏர் பிடிக்கும், ஏர் எடுக்காமல் டீசல் எஞ்சின் ஓடாது என்பது ஊரில் பம்ப்செட் வைத்திருக்கும் விவசாயிக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. சாவியைத் திருப்பினேன், செல்ஃப் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. புது மோட்டார் தெம்பாகச் சுற்றச் சுற்ற எனக்கும் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். கடைசித் தடவை 'தொம்' என்று ஒரு கனத்த அடி, எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சுற்றவேயில்லை.

நடந்தது இதுதான். எஞ்சின் சுற்றும்போதெல்லாம், அது எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், தண்ணீர் பம்ப் கடல் தண்ணீரை இழுத்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் கடைசியில் எக்ஸாஸ்ட் எல்போ என்ற வளைந்த குழாயில் புகையோடு கலந்து, வாட்டர்லாக் என்ற டப்பாவில் விழுந்து, புகையின் அழுத்தத்தால்தான் பின்பக்கக் குழாய் வழியாக வெளியே துப்பப்படும். எஞ்சின் எடுக்காவிட்டால் புகை இல்லை, தள்ள ஆளில்லை. டப்பா நிரம்பி, தண்ணீர் பின்னால் ஏறி, எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள்ளேயே இறங்கிவிடும். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் மோதி நின்றதுதான் அந்த அடி. இன்னும் வேகத்தில் மோதியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும், எஞ்சினைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு மெக்கானிக்கின் எண் கிடைத்தது. அப்போது மணிக்கு 65 பவுண்டு வாங்கியவர், ஆனால் அன்று இரவு போனில் பணம் வாங்காமல் வழி சொன்னார். கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வை, சீகாக்கை, உடனே மூடு. விடியும்வரை காத்திருக்காதே, உப்பு ஒரே இரவில் சிலிண்டர் சுவரைத் தின்ன ஆரம்பிக்கும். டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இரண்டு இன்ஜெக்டரையும் கழற்று. பெரிய ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்று, முகத்தை நேரே மேலே வைக்காதே. அப்படியே செய்தேன். இன்ஜெக்டர் துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து மேலே இருந்த பலகையை நனைத்தது. பிறகு சிலிண்டர்களுக்குள் எண்ணெய் ஊற்றி, மறுபடி சுற்றி, அப்படியே விட்டேன். காலையில் அவரே வந்தார். எஞ்சின் ஆயிலை உறிஞ்சி எடுத்தபோது பால் டீ நிறத்தில் வந்தது. புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, எடுத்து, மறுபடி ஊற்றி, நான்காவது தடவைதான் ஆயில் ஆயில் நிறத்தில் வந்தது. எஞ்சின் பிழைத்தது. தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்றார். அவர் இரண்டு முறை வந்ததற்கு 390 பவுண்டு, ஆயிலும் ஃபில்டரும் 120. நான் மனதாரக் கொடுத்த பணம் அது.

பாய்மரப் படகு வைத்திருக்கும், வைத்துக்கொள்ளப் போகும் எல்லோரும் இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து, பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். இரண்டு தடவையில் எடுக்கவில்லையென்றால் சீகாக்கை மூடிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். எஞ்சின் எடுத்த நொடியில் சீகாக்கைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கிழியும். மறக்காமலிருக்க நான் சீகாக்கை மூடும்போதெல்லாம் சாவியைக் கழற்றி அதன் கைப்பிடியிலேயே மாட்டி வைக்கிறேன்.

ஏர் எடுக்கும் முறையும் அவர்தான் காட்டினார். டேங்கிலிருந்து இன்ஜெக்டர் நோக்கி வரிசையாகப் போக வேண்டும். முதலில் ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் சின்ன நெம்பைக் கையால் அடிக்க வேண்டும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் ஸ்க்ரூவை டைட் பண்ண வேண்டும். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பில் அதே வேலை, கடைசியில் இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி எஞ்சினைச் சுற்ற வேண்டும். சில நேரம் லிஃப்ட் பம்பின் நெம்பு கொழகொழவென்று ஆடும், எதுவும் வராது. பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே கேம் என்ற சுழலும் மேடு அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் நெம்பில் பலம் வந்துவிடும். செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷர் வழியாக டீசல் வெளியே ஒழுகாமலேயே காற்று உள்ளே போகும்.

எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகும் நிம்மதி வரவில்லை. வேகம் கூட்டினால் பின்னால் நீராவி, படகின் அமரத்தில், அதாவது பின்முனையில், கரி. எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றிப் பார்த்தால் கட்டை விரல் நுழைய வேண்டிய துவாரத்தில் பென்சில்கூட நுழையவில்லை. கரியும் உப்பும் சேர்ந்து கல்லாகியிருந்தது. கடல் தண்ணீரும் சூடான புகையும் சந்திக்கும் இடம் அது, இந்த மாதிரி எஞ்சின் எதிலும் அங்கே அடைப்பு வரும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்ப்பது நல்லது. புது எல்போவும் கேஸ்கட்டுகளும் 290 பவுண்டு. எஞ்சின் இரும்பைக் காப்பதற்காகத் தான் கரைந்து போகும் துத்தநாகத் துண்டுகள் பிளாக்கில் இருக்க வேண்டும். என் எஞ்சினில் அவை இருந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளைப் பொடிதான் இருந்தது.

இவ்வளவு சூடாகியும் ஏன் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை என்ற கேள்வி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. பேனலைக் கழற்றிப் பின்னால் பார்த்தேன். மணிக்குப் போகும் ஒயரை யாரோ வெட்டி, அழகாக டேப் சுற்றி வைத்திருந்தார்கள். சத்தம் தொந்தரவாக இருந்திருக்கும். ஆயில் அழுத்தம் போனாலும் எஞ்சின் கொதித்தாலும் சொல்வதற்கு இருந்த ஒரே வாய் அது. படகு வாங்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் முன் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி மணி அடிக்கிறதா என்று கேளுங்கள். அடிக்கவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். பேனலை மறுபடி பூட்டும்போது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மூடியும் போட்டேன். எஞ்சினை நிறுத்தும் கேபிளும் துருப்பிடித்து இறுகியிருந்தது. இந்த எஞ்சினை நிறுத்த அந்தக் கேபிளின் குமிழை இழுக்க வேண்டும். சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது; ஓடும்போது சாவியை அணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் எரிந்துவிடும் அபாயம் உண்டு.

ஆகஸ்டில் படகைக் கிரேனில் தூக்கிக் கரையில் வைத்தோம். தூக்கவும் பிறகு இறக்கவும் 420 பவுண்டு. காக்பிட் வேலையை அப்போதுதான் தொடங்கினேன். பார்க்கப் பெரிய வேலையாகத் தெரியவில்லை: பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளைகளான வின்ச் இரண்டு, கயிறு கட்டும் கிளீட்டுகள், தண்ணீர் வடியும் துளைகள். வின்ச்சைச் சுற்றி லேசாகப் பழுப்புக் கறை இருந்தது. அடியில் இருக்கும் லாக்கருக்குள் தலையை விட்டுப் பார்த்தால், வின்ச்சுக்குப் பலமாக வைத்திருந்த பிளைவுட் விரலால் அமுக்கினாலே பிசுபிசுவென்று உள்ளே போனது. போல்ட் ஓட்டை வழியாக வருடக்கணக்கில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. பாய்க்கயிற்றின் முழு இழுவையும் அந்த மக்கின பலகையில்தான் நின்றிருக்கும்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது, அவசரப்படாமல் செய்ய வேண்டும். தண்ணீர் புகாமல் அடைக்கும் பசையான பழைய சீலண்டை முழுக்கச் சுரண்டி எடுங்கள். போல்ட் ஓட்டையை வேண்டியதைவிடப் பெரிதாகத் துளைத்து, அடியில் டேப் ஒட்டி, கல்லாக இறுகும் பிசினான எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவு ஓட்டை போடுங்கள். இனி எப்போதாவது ஒழுகினாலும் தண்ணீர் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. ஓட்டையின் வாயை லேசாகச் சாய்த்து அகலப்படுத்தினால் சீலண்ட் அங்கே ஒரு வளையமாக உட்காரும். சீலண்ட் போட்டதும் முழுப் பலத்தோடு முறுக்காதீர்கள், எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும். மேலே போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழே நட்டை மட்டும் சுற்ற வேண்டும். இது இரண்டு பேர் வேலை, எனக்கு ஆளில்லை. மேலே ஸ்பேனரைக் கயிற்றால் கட்டிவிட்டு லாக்கருக்குள் இறங்கிச் சுற்றினேன், அவிழ்ந்தால் மறுபடி மேலே ஏறி வந்து கட்டினேன். இரண்டு வின்ச்சுக்கு மூன்று நாள். வீட்டுக் குளியலறையில் போடும் சிலிக்கானை மட்டும் படகில் போடாதீர்கள். ஒரு முறை பட்ட இடத்தில் அதன் பிசுக்கு போகவே போகாது, அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது.

வின்ச்சைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் துள்ளித் தெறிக்கும். அட்டைப்பெட்டியின் அடியில் வின்ச் அளவுக்கு ஓட்டை வெட்டி அதன்மேல் கவிழ்க்காமல் மாட்டி வைத்தால் தெறிப்பவை பெட்டிக்குள்ளேயே விழும். பற்சக்கரங்களுக்கு கிரீஸ், ஆனால் ஆங்கிலத்தில் பால் (pawl) என்று சொல்லும் சின்ன நாக்குகளுக்கும் அவற்றின் ஸ்பிரிங்குக்கும் மெல்லிய எண்ணெய் மட்டும். கிரீஸ் போட்டால் நாக்கு ஒட்டிக்கொண்டு பிடிக்காமல் விடும். பாரம் ஏறியிருக்கும்போது விட்டால் கைப்பிடி திரும்பிச் சுழன்று கையை உடைத்துவிடும். தேக்குப் பலகைகளைத் தேய்த்து வார்னிஷ் அடித்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நேரம் போனதுதான்.

உண்மையில் பயந்தது காக்பிட் வடிகாலைப் பார்த்தபோது. காக்பிட்டில் விழும் தண்ணீர் ஹோஸ் வழியாக, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள சீகாக் வழியாக வெளியேறுகிறது. ஹோஸ் விரிந்து கீறியிருந்தது, ஒரே ஒரு கிளிப். சீகாக்கின் மேல் பச்சையைச் சுரண்டிப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் ரோஜா நிறத்தில் இருந்தது. சாதாரணப் பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல் தண்ணீர் கரைத்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது துளைகள் நிறைந்த செம்பு, அதன் நிறம் அது. சுத்தியலால் லேசாகத் தட்டினேன். கழுத்து உடைந்து கையோடு வந்துவிட்டது. படகு கரையில் நின்றதால் நான் இதை எழுதுகிறேன். மிதக்கும்போது உடைந்திருந்தால் கால் மணி நேரத்தில் கேபினில் தண்ணீர் நின்றிருக்கும். இந்தப் படகில் இரண்டு மாதம் நான் பல இரவு தூங்கியிருக்கிறேன். மூன்று சீகாக்கையும் வெண்கலத்தில் மாற்றினேன், ஹோஸ்கள் புதிது, ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப். மொத்தம் 410 பவுண்டு. எஞ்சினுக்காக நான் அழுததெல்லாம் இதற்குப் பிறகுதான் சின்னதாகத் தெரிந்தது. பழைய படகு வாங்கினால் எஞ்சினைத் திறப்பதற்கு முன், பாயை விரிப்பதற்கு முன், அதைத் தண்ணீரிலிருந்து தூக்கி நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஓட்டையையும் சுரண்டிப் பாருங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

இடவாடகை மட்டும் மாதம் 140 வீதம் 1,960 பவுண்டு ஆனது. வேலை தெரிந்தவர் இதே வேலையை மூன்று, நான்கு மாதத்தில் முடித்திருப்பார். அப்படியானால் குறைந்தது 1,400 பவுண்டு நான் கற்றுக்கொள்வதற்குக் கொடுத்த கட்டணம். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். தலையில் விளக்கு கட்டிக்கொண்டு தனியாக வேலை செய்த மாலைகளில் இதை விற்றுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். யார் வாங்குவார்கள் என்ற கேள்விதான் நிறுத்தியது. தனியாகச் செய்பவர்களுக்குச் சொல்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு வேலை மட்டும் எடுங்கள், கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள், கழற்றியதை அன்றே ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். களைப்பாக இருக்கும் நாளில் எஞ்சினைத் தொடாதீர்கள். என் பெரிய தவறுகள் இரண்டும் நைட் டியூட்டி முடித்து வந்த நாட்களில் நடந்தவை.

ஜூனில் படகை இறக்கிய அன்று தூத்துக்குடிக்கு வீடியோ கால் போட்டேன். பெரியப்பாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. சாவியை ஒரு கட்டம் திருப்பினேன், மணி அலறியது, அவருக்கே கேட்டது. அப்புறம் முழுதாகத் திருப்பினேன், எஞ்சின் எடுத்தது. பேனலையும் பளபளக்கும் வின்ச்சையும் வார்னிஷையும் காட்டினேன். அவர் எதையும் பார்க்கவில்லை.

"ஏட்டி, அதெல்லாம் இருக்கட்டும். பின்னாடி தண்ணி துப்புதா? அதைக் காட்டு."

போனை அமரத்துக்குக் கொண்டுபோய்க் கீழே சாய்த்துப் பிடித்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.